மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் ஜெனரேட்டர் மழைக்காலத்தில் ஓடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று மழைக்காலம் நெருங்கும்போது தவறாமல் வந்துவிடும். "சார், வீட்டில் சின்ன ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. அதில் கம்ப்யூட்டரை இணைத்து ஓட்டலாமா?" என்பதுதான் அது. ஓட்டலாம் என்று சொல்வதற்கு முன்னால் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். "அதைக் கடைசியாக எப்போது ஸ்டார்ட் செய்தீர்கள்?" பெரும்பாலானவர்களிடமிருந்து இதற்குப் பதில் வருவதில்லை. சிலர் கணவரையோ மனைவியையோ திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் "போன புயலுக்கு" என்பார்கள். எந்தப் புயல் என்று கேட்டால் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

கம்ப்யூட்டருக்கு என்ன ராம், எவ்வளவு ஹார்ட் டிஸ்க் என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்கும் நாம், அதற்கு ஆபத்துக் காலத்தில் கரண்ட் கொடுக்க வேண்டிய மெஷினை மட்டும் ஏன் இப்படிக் கைவிட்டுவிடுகிறோம்? இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டரை வாங்குவது பெரிய விஷயமல்ல. ஓட்டுவதும் பெரிய விஷயமல்ல. ஓடாத மாதங்களில் அதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் அது நமக்கு உதவுமா, உதவாதா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த அக்கறை இல்லாத வீட்டில் ஜெனரேட்டர் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

நம் வீட்டிற்கு ஜெனரேட்டர் வந்த கதை

தமிழ்நாட்டில் சாதாரண வீடுகளுக்குள் ஜெனரேட்டர் நுழைந்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். 2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில்தான். 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்திற்கும் மேலாகக் கரண்ட் இல்லாமல் இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்போது இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் பலர். பேட்டரி சார்ஜ் ஆகவே நேரம் போதாது என்பதால் கூடவே ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரும் வாங்கியவர்கள் உண்டு. ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், டி.டி.பி. சென்டர் வைத்திருந்தவர்களுக்கு அது இல்லாமல் பிழைப்பே இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் மின்வெட்டு குறைந்தது. ஜெனரேட்டருக்கு வேலை இல்லாமல் போனது. அது மாடிப்படிக்கு அடியிலோ, கார் ஷெட்டின் மூலையிலோ ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் அதன் தேவை முடிந்துவிட்டதா? 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்திற்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. சில கிராமங்களுக்கு மீண்டும் கரண்ட் வரப் பல வாரங்கள் ஆயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்து மின்வெட்டு தினமும் வந்தது. எனவே ஜெனரேட்டரும் தினமும் ஓடியது. தினமும் ஓடும் இன்ஜின் தன்னைத் தானே ஓரளவு பார்த்துக்கொள்ளும். இப்போது நமக்கு அது தேவைப்படுவது ஆண்டில் சில நாட்கள்தான். அதுவும் எல்லாக் கடையும் மூடியிருக்கும், மெக்கானிக் வர முடியாத நாட்களில். ஆண்டு முழுவதும் சும்மா கிடந்துவிட்டு, அந்த ஒரு நாளில் கயிற்றை இழுத்தவுடன் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதற்கு நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

இன்றைக்கு அந்த ஒரு நாளின் மதிப்பும் கூடியிருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆன்லைனில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர்கள், நெபுலைசர், ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் போன்றவற்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஜெனரேட்டர் என்பது ஆடம்பரம் அல்ல.

சும்மா இருந்தால் ஏன் கெடுகிறது?

"ஓட்டவே இல்லையே சார், எப்படிக் கெட்டுப்போகும்?" என்று பலர் கேட்கிறார்கள். ஓட்டாததால்தான் கெடுகிறது.

முதல் எதிரி டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல். பெட்ரோலில் எளிதாக ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முக்கியமாக உதவுவதே அந்தப் பகுதிதான். மிச்சம் இருப்பது காற்றில் உள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து மெல்ல மெல்லக் கோந்து மாதிரி பிசுபிசுப்பாக மாறும். கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒன்று இருக்கிறது. ஊசி முனை அளவு ஓட்டைதான் அதற்கு. அந்த ஓட்டையில் கோந்து படிந்தால் பெட்ரோல் போகாது. கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் தோள்தான் வலிக்கும்.

இரண்டாவது எதிரி, இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால். நம் நாட்டில் 2022-ல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, பிறகு நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனாலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. தினமும் ஓடும் வண்டியில் இது பெரிய பிரச்னை இல்லை. பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் டேங்கில் கதை வேறு. உறிஞ்சிய ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் குழாய் இருப்பதும் அடியில்தான். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் இன்ஜினுக்கு முதலில் போய்ச் சேருவது அந்தத் தண்ணீர்க் கலவைதான். மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பழைய ஜெனரேட்டர்கள் இவ்வளவு எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது எதிரி ஈரம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஓடாத இன்ஜினில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் வடிந்துவிடும். அந்த இடத்தில் துரு பிடிக்கும். ஓடிக் கறுத்த பழைய ஆயிலில் அமிலத் தன்மை இருக்கும். அதை மாற்றாமல் விட்டால் உள்ளே இருக்கும் உலோகத்தை அது மெல்ல அரிக்கும்.

நான்காவது விஷயம் பலருக்குத் தெரியாது. ஜெனரேட்டரின் மின்சாரம் உண்டாகும் பகுதியில் கொஞ்சம் காந்த சக்தி மிச்சம் இருந்தால்தான் பல மாடல்களில் கரண்ட் உற்பத்தி தொடங்கும். நீண்ட நாள் ஓடாமல் கிடந்தால் அந்தக் காந்த சக்தி குறைந்து போகலாம். அப்போது இன்ஜின் அருமையாக ஓடும், பிளக்கில் கரண்ட் மட்டும் இருக்காது. மெக்கானிக்கால் இதைச் சரிசெய்ய முடியும். நீங்கள் கை வைக்க வேண்டாம்.

கடைசியாக எலி. சைலன்சருக்குள் கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். இதற்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஜெனரேட்டரைப் பாதுகாக்க இரண்டு வழிகள்தான் உண்டு. மாதம் ஒருமுறை ஓட்டி அதை விழிப்பாகவே வைத்திருப்பது ஒன்று. பெட்ரோலை முழுவதும் எடுத்துவிட்டு முறையாகத் தூங்க வைப்பது மற்றொன்று. நம் வீடுகளில் நடப்பது இரண்டும் இல்லாத மூன்றாவது வழி. பாதி டேங்க் பெட்ரோலோடு மூலையில் தள்ளி, மேலே பழைய சாக்கைப் போட்டு மூடிவிடுகிறோம். எல்லாவற்றிலும் மோசமான வழி இதுதான்.

உங்களுக்கு எது பொருந்தும்? வீட்டில் நோயாளி இருந்து, மின்சாதனத்தை நம்பி இருந்தால் முதல் வழிதான். மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், வெளியே வைத்து இருபது முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். சும்மா ஓட்டினால் போதாது. பேன், லைட் என்று லோடு கொடுத்து ஓட்ட வேண்டும். அப்போதுதான் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து உள்ளே உள்ள ஈரம் போகும். காந்த சக்தியும் நிலைத்திருக்கும். டேங்கில் உள்ள பெட்ரோலை ஒரு மாதத்திற்கு மேல் பழையதாக விடாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்த பெட்ரோலை டூ வீலருக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மழைக்கால அவசரத்திற்கு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. மாதாமாதம் ஓட்டுகிறேன் என்று தொடங்கியவர்கள் பெரும்பாலும் மூன்றாவது மாதமே மறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டும் ஒதுக்குவது நடக்கக் கூடிய காரியம்.

எந்த இரண்டு நாள்? நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்று போகிப் பண்டிகை. வடகிழக்குப் பருவமழை முடிந்து, வீட்டைச் சுத்தம் செய்யும் நேரம் அது. அன்றைக்கு ஜெனரேட்டரைத் தூங்க வையுங்கள். மற்றொன்று ஆயுத பூஜை. மழைக்காலத்தின் வாசலில் வரும் நாள். வருடா வருடம் அன்றைக்கு மெஷினைத் துடைத்து சந்தனம், குங்குமம் வைக்கிறோம். ஸ்டார்ட் செய்து பார்க்கிறோமா? பூஜைக்கு முந்தைய வாரம் எழுப்பி, ஓட்டிப் பார்த்துவிட்டு அதன் பிறகு பொட்டு வையுங்கள். பழுது இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட நேரமும் இருக்கும்.

தூங்க வைக்கும் முறை

இதற்கு ஒரு மணி நேரம் போதும். பயம் இருந்தால் முதல் தடவை மெக்கானிக்கை வைத்துச் செய்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜெனரேட்டருடன் வந்த கையேட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

1. ஜெனரேட்டரைத் திறந்த வெளியில் வைத்து பத்து நிமிடம் ஓட்டுங்கள். எல்லா லோடையும் எடுத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் காக்கை மூடுங்கள். கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும். பிறகு ஸ்விட்சை ஆப் செய்யுங்கள்.

2. இன்ஜின் ஆறிய பிறகு டேங்கில் உள்ள பெட்ரோலை உலோகக் கேனில் வடித்துவிடுங்கள். குழாயில் வாயை வைத்து உறிஞ்சவே கூடாது. அருகில் விளக்கு, பீடி, சிகரெட், செல்போன் சார்ஜர் எதுவும் வேண்டாம்.

3. கார்புரேட்டரின் அடியில் வடிப்பதற்கு ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்தி மிச்சம் இருக்கும் சொட்டுகளையும் எடுத்துவிட்டு மறுபடி முடுக்குங்கள்.

4. பழைய இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன தரத்தில் புது ஆயில் ஊற்றுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் மெக்கானிக் கடையில் கொடுங்கள்.

5. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் புது இன்ஜின் ஆயில் விடுங்கள். ஓட்டையின் மேல் துணியை மூடிக்கொண்டு, ஸ்விட்ச் ஆப் நிலையிலேயே ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தடவை இழுங்கள். உள்ளே ஆயில் பரவும். பிளக்கை மாட்டிவிடுங்கள்.

6. இப்போது கயிற்றை மெதுவாக இழுத்து, கைக்கு இறுக்கமாகத் தெரியும் இடத்தில் விட்டுவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக் காற்று சிலிண்டருக்குள் போகாது. எனக்குப் பிடித்த தந்திரம் இது. ஒரு பைசா செலவு இல்லை.

7. ஏர் பில்ட்டர் ஸ்பாஞ்சு வகையாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்கு காயவைத்து, சில சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். பேப்பர் வகையாக இருந்தால் கழுவ வேண்டாம். தூசியைத் தட்டினால் போதும்.

8. செல்ப் ஸ்டார்ட் வகை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள்.

9. வெளிப்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, சைலன்சர் வாயில் சின்னக் கம்பி வலையைக் கட்டுங்கள். எலி போகாது. ஓட்டும்போது எடுத்துவிட மறக்கக் கூடாது. மறக்காமல் இருக்க ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியில் ஒரு சீட்டு கட்டி வையுங்கள். பெட்ரோல் எடுத்த தேதி, ஆயில் மாற்றிய தேதி இரண்டையும் அதே சீட்டில் எழுதிவிடலாம்.

எங்கே வைப்பது? தரையில் நேரடியாக வேண்டாம். பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். வெள்ளம் வரும் பகுதி என்றால் இன்னும் உயரமாக. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திற்குப் பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாலிதீன் போட்டு இறுக்கமாக மூடினால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். பழைய பருத்திப் போர்வை நல்லது. கேஸ் சிலிண்டர், வாட்டர் ஹீட்டர், பூஜை அறை இவற்றின் அருகில் வைக்கக் கூடாது.

பெட்ரோல் பாட்டிலில் வேண்டாம்

ஜெனரேட்டரோடு சேர்த்து ஐந்து லிட்டர் பெட்ரோலைத் தண்ணீர்க் கேனில் வாங்கி வைப்பவர்களைப் பார்க்கிறேன். இதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். பெட்ரோலியச் சட்டம் 1934-ன்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்திற்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் எதில் வைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இறுக்கமாக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரம். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு அதில் இடமே இல்லை.

சட்டத்தை விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், அடுத்த அறையில் இருக்கும் அடுப்பைக்கூடத் தொட்டுவிடும். ஆண்டு முழுவதும் பெட்ரோலைச் சேர்த்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. புயல் எச்சரிக்கை இப்போது சில நாட்கள் முன்பே வருகிறது. அப்போது உலோகக் கேனில் புது பெட்ரோல் வாங்கினால் போதும். மழை முடிந்ததும் மிச்சத்தை வண்டிக்கு ஊற்றிவிடுங்கள்.

எழுப்பும் முறையும் கம்ப்யூட்டரும்

இனி கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதி.

தூங்கி எழுந்த ஜெனரேட்டரில் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரை இணைக்கக் கூடாது. சைலன்சர் வலையை எடுங்கள். ரப்பர் குழாயில் வெடிப்பு, ஒயரில் எலிக்கடி இருக்கிறதா பாருங்கள். சமதரையில் வைத்து ஆயில் அளவைப் பாருங்கள். ஒரு லிட்டர் புது பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். நாம் விட்ட ஆயில் எரிவதால் முதலில் கொஞ்சம் புகை வரும். பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் ஓடட்டும்.

பிறகு மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். மிகவும் கூடுதலாக இருந்தால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஏ.வி.ஆர். பழுதாகியிருக்கலாம். அதில் எதையும் இணைக்காதீர்கள். வோல்டேஜ் சரியாக இருந்தால் முதலில் ஒரு லைட், ஒரு பேன். வெளிச்சம் ஏறி இறங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது யு.பி.எஸ்.ஸை இணைத்துப் பாருங்கள். சில வீடுகளில் யு.பி.எஸ். டிக் டிக் என்று சத்தம் போட்டு, ஜெனரேட்டர் கரண்டை ஏற்காமல் பேட்டரிக்கே திரும்பத் திரும்பப் போகும். உடனே யு.பி.எஸ். கம்பெனியைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி அது அல்ல. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதைக் கொடுக்க வழக்கமான சின்ன ஜெனரேட்டரின் இன்ஜின் நிமிடத்திற்கு 3000 சுற்று சீராகச் சுற்ற வேண்டும். கார்புரேட்டரில் கோந்து படிந்தால் இன்ஜின் சீராக ஓடாது. ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். சத்தத்திலேயே தெரியும். அதோடு சேர்ந்து ஹெர்ட்ஸும் ஏறி இறங்கும். "இந்தக் கரண்ட் சரியில்லை" என்று யு.பி.எஸ். மறுக்கிறது. ஆறு மாதத்திற்கு முன்பு டேங்கில் விட்டுவைத்த அரை லிட்டர் பெட்ரோல்தான் இன்று உங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்ய விடாமல் தடுக்கிறது!

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று விற்கப்படும் வகையில் இந்தப் பிரச்னை குறைவு. அது முதலில் உண்டாக்கும் மின்சாரத்தை டி.சி.யாக மாற்றி, மறுபடி சீரான ஏ.சி.யாகக் கொடுக்கிறது. கம்ப்யூட்டருக்கு என்றே புதிதாக வாங்குபவர்கள் விலை கூடுதல் என்றாலும் அந்த வகையைப் பார்க்கலாம். ஆனால் அதிலும் கார்புரேட்டர் உண்டு, பெட்ரோல் உண்டு. தூங்க வைக்கும் முறை அதற்கும் இதேதான்.

கம்ப்யூட்டரை எப்போதும் யு.பி.எஸ். வழியாகவே இணையுங்கள். பெட்ரோல் தீர்ந்து ஜெனரேட்டர் திடீரென்று நின்றாலும் பைலை சேவ் செய்து ஷட் டவுன் செய்ய நேரம் கிடைக்கும். ஜெனரேட்டரை நிறுத்தும்போது முதலில் லோடு எல்லாவற்றையும் ஆப் செய்துவிட்டுப் பிறகு இன்ஜினை நிறுத்துங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள்

ஒன்று, புகை. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. தூங்கிக்கொண்டிருப்பவர் எழாமலேயே போய்விடலாம். மழை பெய்கிறது என்று வீட்டிற்குள்ளோ, பால்கனியிலோ, மாடிப்படி அடியிலோ, ஷட்டரை இறக்கிய கடைக்குள்ளோ ஓட்டவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வையுங்கள். அதன் மேல் மழை படாதபடி, நான்கு பக்கமும் திறந்த கூரை ஒன்றை மழைக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதையே முடிவு செய்யாமல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள்தான் புயல் இரவில் அதை வீட்டிற்குள் ஓட்டுகிறார்கள்.

இரண்டு, சுவர் பிளக். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரை ஜெனரேட்டரிலிருந்து சுவர் சாக்கெட்டில் சொருகி வீடு முழுவதும் கரண்ட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மெயின் ஸ்விட்சை ஆப் செய்ய மறந்தால் அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும். நமக்காகக் கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறி நிற்கும் மின்வாரியத் தொழிலாளியின் உயிரை அது எடுத்துவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடுங்கள். இல்லையென்றால் தேவையான சாதனங்களை மட்டும் ஜெனரேட்டரில் நேரடியாக இணையுங்கள்.

பேட்டரிப் பெட்டிகளுக்கும் இதே கதைதான்

"எனக்குப் பெட்ரோலே வேண்டாம், லித்தியம் பவர் ஸ்டேஷன் வாங்கிவிட்டேன்" என்று சொல்பவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். வீட்டிற்குள் வைத்துக்கொள்ளலாம், புகை இல்லை, சத்தம் இல்லை. நல்லதுதான். ஆனால் அதையும் சார்ஜ் தீர்ந்த நிலையில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் மழைக்காலத்தில் ஆன் ஆகாது. லித்தியம் பேட்டரியைப் பாதிக்குச் சற்று மேல் சார்ஜ் வைத்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மொட்டை மாடி ஷெட்டில் வேண்டாம். சித்திரை வெயில் அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் ஆகியவற்றில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரிக்கு நேர்மாறான விதி. அதை எப்போதும் முழுச் சார்ஜில் வைக்க வேண்டும். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் உள்ளே இருக்கும் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு சார்ஜே ஏறாது. பயன்படுத்தாமல் எடுத்து வைத்த யு.பி.எஸ்.ஸை மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரு நாள் முழுக்கச் சார்ஜில் போடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்கும்போது யாரும் சொல்வதில்லை

என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டர் விற்பவர் எத்தனை கே.வி.ஏ., ஒரு லிட்டருக்கு எத்தனை மணி நேரம், என்ன தள்ளுபடி என்று எல்லாம் சொல்வார். பத்து மாதம் சும்மா இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. கையேட்டில் அதற்கென்று பக்கங்கள் இருக்கின்றன. ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருந்தன. அந்தப் பக்கத்தை மட்டும் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து ஜெனரேட்டரின் மேல் ஒட்டிக் கொடுத்தால் எத்தனையோ மெஷின்கள் பிழைக்கும். அடுத்த முறை வாங்கப் போகும்போது இதைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குக் கிடைக்கும்.

ஆண்டுக்கு இரண்டு நாள்கூட ஒதுக்க முடியாது என்பவர்களுக்கும் ஒரு யோசனை. கூச்சப்படாமல் அதை இப்போதே விற்றுவிடுங்கள். ஓடும் நிலையில் விற்றால் மெஷின் விலை கிடைக்கும். இன்னும் இரண்டு வருடம் மூலையில் போட்டு வைத்தால் இரும்பு விலைதான். அந்தப் பணத்தில் நல்ல யு.பி.எஸ்.ஸோ இன்வெர்ட்டரோ வாங்கலாம். "அவசரத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்வேன்" என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். புயல் அன்றைக்கு ஊரே அதே கடை வாசலில்தான் நிற்கும்.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியானால் இந்த இதழை மூடி வைத்துவிட்டு, முதலில் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். பழைய பெட்ரோல் இருந்தால், வார்னிஷ் மாதிரி புளித்த வாடை அடிக்கும். அடித்தால் அதை ஸ்டார்ட் செய்ய முயற்சி செய்யாதீர்கள். நாளைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டு டேங்கையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மழை வருவதற்குள் இந்த ஒரு வேலையை முடித்துவிட்டால், புயல் நாளில் உங்கள் வீட்டு ஜெனரேட்டர் ஓடும்.